டவருக்குக் கீழே நிற்பவள்

ஞாயிற்றுக்கிழமையானால் மற்ற வீடுகளில் கறி எடுக்கப் போவார்கள். எங்கள் வீட்டில் கயிறு எடுத்துக்கொண்டு கிளம்புவோம். நானும் என் வீட்டுக்காரரும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள். வீட்டு மூலையில் ஒரு செட், மாடியில் ஒரு ஆன்டெனா, முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்று சொல்லிச் சந்தோஷப்படுகிற ஒரு பைத்தியக் கூட்டம். கையில் ஃபோன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காத உறவுக்காரர்கள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இப்போதெல்லாம் காப்பி போடப் போகிறேன் என்று எழுந்து போய்விடுகிறேன்.

ஆன்டெனாவுக்கு உயரம் வேண்டும். உயரத்துக்கு டவர் வேண்டும். டவர் என்று ஒன்று நின்றுவிட்டால், யாராவது அவ்வப்போது ஏறி நட்டு போல்ட்டை இறுக்க வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், ஒயரை மாற்ற வேண்டும். சோமனூரிலிருந்து குன்னத்தூர் வரை சிதறிக் கிடக்கிற எங்கள் சிறிய கூட்டத்தில் எல்லோருக்கும் பேசப் பிடிக்கும், யாருக்கும் ஏறப் பிடிக்காது. ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குத் தலைசுற்றல், இன்னொருவரை மனைவி விடமாட்டாள். என் வீட்டுக்காரரை மட்டும் மனைவி விடுவாள். ஆகவே எல்லோருடைய டவரிலும் அவர் ஏறினார். அவர் ஏறிய ஒவ்வொரு டவருக்கும் கீழே நான் நின்றேன்.

பனியன் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. அதே கம்பெனியில் அவர் தையல் மெஷின் மெக்கானிக். ஆறு நாள் செக்கிங் டேபிள் முன் குனிந்து நின்று தையலைப் பார்க்கிறேன். ஏழாம் நாள் டவரடியில் அண்ணாந்து நின்று புருஷனைப் பார்க்கிறேன். என் கழுத்துக்கு மட்டும் லீவே கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் மேலே கண்ட காட்சியைச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் பிடரியில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஏறியவருக்குக் களைப்புத் தெரியாது, நின்றவளுக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கும்.

கீழே நிற்பது என்றால் சும்மா நிற்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏறுவதற்கு முன் செட்டின் பிளக்கைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். மேலே ஆள் இருக்கும்போது யாராவது ஒரு புண்ணியவான் ஆசையாக மைக்கை அழுத்திவிட்டால், ஆன்டெனாவைப் பிடித்திருக்கிற கை வெந்துபோகும். கரண்ட் கம்பி எந்தப் பக்கம் போகிறது, ஆன்டெனா சாய்ந்தால் அதைத் தொடுமா என்று பார்க்க வேண்டும். டவரை நாலாபுறமும் இழுத்துப் பிடித்திருக்கிற ஸ்டே ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். டூல் பையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். மேலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவினால் கீழே இருப்பவர் மண்டை தப்பாது என்பதால் குழந்தை, நாய், விருந்தாளி எதையும் டவரடிக்கு விடக் கூடாது. ஃபோன் அடித்தால் எடுக்கக் கூடாது. கண்ணை எடுக்கவே கூடாது.

இதற்கெல்லாம் மேலாக எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்கிறவர் "கீழே" என்று ஒரு சொல் சொன்னால், மேலே இருக்கிறவர் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு இறங்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. காரணமெல்லாம் இரண்டு காலும் தரையைத் தொட்ட பிறகு. மறுபடி ஏறலாமா வேண்டாமா என்பதையும் கீழே நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நான் பத்துத் தடவை சொல்லி நடக்காத காரியம் டவரடியில் ஒரே சொல்லில் நடக்கும். குளவி கிளம்பியபோது சொல்லியிருக்கிறேன். தெற்கே மேகம் கருத்தபோது சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறைகூட முணுமுணுத்ததில்லை. அந்த மனிதரிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு, இதில் மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் ஆனி முடிகிற சமயத்தில், ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிற பெரியவர் ரேடியோவில் கூப்பிட்டார். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர். அவருடைய டவர் நாற்பதடி, வீட்டுக்கும் எருமைக் கொட்டகைக்கும் நடுவில் நிற்கிறது.

"ஆன்டெனா தானாத் திரும்புதுங்க. காத்தடிச்சா கெறகெறன்னு ஒரு சத்தம். ஆடிக் காத்து வாரதுக்குள்ள சித்த வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா தேவலை. கொட்டாய் மேல உழுந்துதுன்னா எருமைங்க போயிருமுங்க" என்றார்.

ஆடிக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அதைத் தடுக்க ஆள் கிடையாது. மேலே ஆன்டெனாவைப் பிடித்திருக்கிற கிளாம்ப் தளர்ந்திருக்க வேண்டும். தெருவிளக்கு மாட்டுகிற லிஃப்ட் வண்டியைக் கூப்பிடலாம் என்றால் அவருடைய தோட்டத்துத் தடத்தில் மாட்டு வண்டியே சாய்ந்து சாய்ந்துதான் வரும். ஏறித்தான் ஆக வேண்டும். வருகிற ஞாயிறே வருவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் கம்பெனியில் ஓர் ஊசி உடைந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைவது என்பது சாமானியக் காரியமில்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் அந்த டெய்லருக்குப் புது ஊசி கொடுப்போம். ஒரு நுனி குழந்தைச் சட்டைக்குள் தங்கிக் கடல் தாண்டிப் போனால் அப்புறம் ஆர்டரே கிடையாது. அன்றைக்கு நுனி கிடைக்கவில்லை. லைனை நிறுத்திவிட்டு நான், சூப்பர்வைசர், ஒடிசாப் பெண்கள் நாலைந்து பேர், எல்லோரும் மண்டியிட்டுக் காந்தத்தை வைத்துத் தரையைத் தடவினோம். பண்டலில் இருந்த பீஸ்களையெல்லாம் நீடில் டிடெக்டர் மெஷினில் விட்டு எடுத்தோம். ஒன்றிலும் இல்லை. மெஷினைப் பிரித்துப் பார்க்க வந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர்தான். ஃப்ளோருக்குள் யாருக்கும் செருப்பு கிடையாது.

மறுநாள் வேலை முடிந்து வந்து அவர் கட்டிலில் காலை நீட்டிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு அவருடைய வலது குதிகாலில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் நிமிண்டினேன். மினுங்கியது. புருவம் பிடுங்குகிற இடுக்கியை வைத்து இழுத்தபோது அந்த ஊசி நுனி வந்தது. கூடவே ஒரு சொட்டுச் சீழும் வந்தது. அவர் செய்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்க, வலிக்கலீங்களா?"

"என்னது?"

நான் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அட, இங்கிருக்குதா? நேத்து பூராத் தேடுனமே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம். மாத்திரை போட்டுக்கொண்டு இனிப்பும் சாப்பிடுகிற ரகம். கால் எரிகிறது, மரத்துப் போகிறது என்று இடையிடையே சொல்லியிருக்கிறார், நின்று வேலை செய்கிற எல்லோரும் சொல்வதுதானே என்று நானும் விட்டிருந்தேன். செருப்பு தானாகக் கழன்றுவிட, அது தெரியாமல் வாசல்வரை நடந்து வந்ததைப் பார்த்துக் கேலிகூடச் செய்திருக்கிறேன். அதெல்லாம் அந்த நிமிஷத்தில் வரிசையாக வந்து நின்றது.

"கண்ண மூடுங்க. நான் தொடறப்பச் சொல்லுங்க."

"என்ன வெளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

அவர் மூடினார். நான் சீப்பின் பல்லால் அவருடைய பெருவிரலில் அழுத்தினேன். ஒன்றும் சொல்லவில்லை. நடுப் பாதத்தில் அழுத்தினேன். ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். "இப்பத் தொட்டியா?" என்றார். 

டவரில் ஏறுகிறவருக்குக் கண் மேலே இருக்கும், கை கம்பியில் இருக்கும். படியைப் பார்ப்பது கால்தான். படி இருக்கிறது என்று கால் சொன்னால்தான் கை அடுத்த கம்பிக்குப் போகும். சேஃப்டி பெல்ட்டில் இரண்டு ஹூக் உண்டு, ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். ஆனால் ஹூக் என்பது கால் தவறினால் பிடிக்க வைத்திருப்பது, காலுக்குப் பதிலாக வைத்திருப்பதல்ல. அதில் தொங்கி டவரில் மோதினால் விலா எலும்பு போய்விடும். மயங்கித் தொங்குகிற ஆளை நாற்பதடியிலிருந்து இறக்க எங்கள் கூட்டத்தில் வேறு யார் ஏறுவார்கள்?

"ஞாயித்துக்கெழமை ஏற வேண்டாமுங்க" என்றேன்.

"காலாலயா ஏறறேன்? கையாலதான ஏறறேன்."

"டாக்டரப் பாத்துட்டு அப்பறம் ஏறுங்க."

"பெரியவருக்குச் சொல்லியாச்சு. காத்து வந்துரும். இது ஒண்ணு முடிச்சுட்டுப் பாக்கலாம்."

"எருமை போனா வேற எருமை வாங்கிக்கலாமுங்க."

"நீ வரலைன்னா இரு. அந்தச் சோமனூர்க்காரன நிக்க வெச்சுக்கறேன்."

அங்கேதான் என்னை மடக்கினார். சோமனூர்க்காரர் விசைத்தறி ரிப்பேர் செய்கிறவர், நல்ல மனிதர், ஆனால் டவரடியில் நிற்கச் சொன்னால் அக்கம்பக்கம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவரால் மேலே ஏறவும் முடியாது. அந்த உடம்புக்கு எந்த பெல்ட்டும் எட்டாது. கத்தினேன், பேசாமல் இருந்தேன், சாப்பாட்டில் உப்புக் குறைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை அவ்வளவுதான். டவரடியில் நின்றால் அந்த ஒரு சொல்லாவது என் கையில் இருக்கும். அதற்காகவே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளென வண்டியில் போய்ச் சேர்ந்தோம். பெரியவர் மோர் கொடுத்தார். சோமனூர்க்காரர் எங்களுக்கு முன்பே வந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டு நான் ஸ்டே ஒயர்களைப் பார்க்கப் போனேன். கொட்டகைப் பக்கத்து ஒயர் தரையிலிருந்து ஆள் உயரம்வரை ஒயராகவே இல்லை. அடியில் துருப்பிடித்து அறுந்த பகுதிக்குப் பதிலாக, ஹூடி சட்டைக் கழுத்தில் கோர்க்கிற கெட்டி நாடாவை நாலைந்து சுற்றாகக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய நாடா, நீலக் கலர். எங்கள் ஊரில் மிஞ்சிய நாடாவில் கன்றுக்குட்டி கட்டுவோம், கொடி கட்டுவோம், ஸ்கூல் பை கட்டுவோம். டவரைக் கட்டியவர் இவர் ஒருத்தர்தான். வெயிலில் வெளுத்து, விரலால் கீறினாலே இழை இழையாக வந்தது.

"ஐயா, இது என்னங்க?"

"நெம்பக் கெட்டி கண்ணு அது. எருமையே இழுத்தாலும் அறுவாது."

"போன வருசம் அறுந்திருக்காதுங்க. வெயில் தின்னுருச்சு, பாருங்க" என்று இழுத்துக் காட்டினேன். கையோடு வந்தது. பெரியவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

எங்களிடம் எஃகு ஒயரும் கிளிப்பும் எப்போதும் இருக்கும். டவருக்குக் கயிற்றில் ஒரு தற்காலிகப் பிடி கொடுத்துவிட்டு, புது ஒயரைப் போட்டு இழுத்துக் கட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. எனக்கு அப்போதே உடம்பு ஓய்ந்துவிட்டது. இன்றைக்கு இது போதும், மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். காற்று இல்லை, வானம் சுத்தமாக இருக்கிறது, வந்த வேலையை முடிப்போம் என்று என் வீட்டுக்காரர் பெல்ட்டை மாட்டினார். நாலு பேர் முன்னால் அவருடைய காலைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. பக்கிளை மட்டும் இழுத்துப் பார்த்தேன்.

முதல் பத்தடியில் எப்போதும்போல ஏறினார். ஹூக் மாட்டுகிற சத்தம், கழற்றுகிற சத்தம். நான் அவருடைய கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, வலது காலை மட்டும் பார்த்தேன். இரண்டாவது செக்‌ஷனின் நடுவில் அந்தக் கால் படிக்கு வந்தது. ஷூவின் ஓரம் கம்பியில் பட்டு, உருண்டு, வெளியே போய் நின்றது. அந்தரத்தில் நின்றது. அவருக்கு அது தெரியவில்லை. கால் படியில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு கையை எடுத்து ஹூக்கைக் கழற்றப் போனார்.

"கீழே."

என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது. அவர் கை நின்றது. குனிந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடி, இந்த முறை கேட்க மாட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்க ஆரம்பித்தார். அவர் தரைக்கு வரும்வரை நான் அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

"வலது காலு படியில இல்லீங்க."

"இருந்துச்சு."

"இல்லீங்க."

"நான் வெச்ச காலு எனக்குத் தெரியாதா?"

சோமனூர்க்காரர் போண்டா எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இல்லீங்ணா. அந்தரத்துலதான் இருந்துச்சு. நானும் பாத்தனுங்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டவரைப் பார்த்தார். பிறகு எருமைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஊசி எடுத்த இடத்தில் புண் பிரிந்து சாக்ஸ் நனைந்திருந்தது. அதையும் அவர் அப்போதுதான் பார்க்கிறார். சாக்ஸைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதரை அப்படிப் பார்த்தபோது, ஏறிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு பாவமாக இருந்தது.

வண்டியில் திரும்பினோம். ரயில்வே கேட்டில் நின்றபோது ஈரோட்டு வண்டி முழுவதும் போய் முடிகிறவரை இருவரும் அதையே பார்த்தோம். அந்த வாரம் டாக்டர் ஒரு நைலான் இழையை வைத்துப் பாதத்தில் அங்கங்கே குத்திப் பார்த்தார். கணுக்கால்வரை நரம்பு போய்விட்டது என்றார். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஏணி, டவர் என்ற பேச்சே கூடாது என்றார்.

"சரியாயிருமுங்களா?" என்று இவர் கேட்டார்.

"இதுக்கு மேல போகாமப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அவர் ரேடியோவைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. பெரியவர் சாயங்காலம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஃபோனில் வந்தார். "காத்து ஆரமிச்சுருச்சு அம்மிணி" என்றார். ஃபோனில் பின்னால் அந்தக் கெறகெற சத்தம் எனக்கே கேட்டது.

"ஞாயித்துக்கெழமை வெடியால வாரமுங்க. காத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுர்லாம். நான் ஏறறேன்" என்றேன். கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பினார்.

நான் ஏறத் தெரியாதவள் இல்லை. எங்கள் மாடியில் இருக்கிற சின்ன டவரில் அவ்வப்போது நான்தான் ஏறுவேன், அவருக்குச் சலுகையாக இல்லை, கழுத்து வலிக்கு மாற்றாக. கல்யாணமான புதிதில் வெளியிலும் ஏறியிருக்கிறேன். பிறகு உறவுக்காரர்கள் வாய், பிள்ளைகள், வேலை என்று தரைக்கு வந்துவிட்டேன். அவர் நன்றாக ஏறினார், நான் நன்றாக நின்றேன், அப்படியே போய்விட்டது. மறுபடி ஏற வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை. சனிக்கிழமை ஷிப்மென்ட் முடித்து வந்தபோது படுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் தோட்டத்தில் இருந்தோம். இலைகூட ஆடவில்லை. ஷிப்மென்ட்டில் தேறாமல் கழித்த டிராக் பேண்ட்டுக்கு மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். அவர்தான் எனக்கு அளவாக இறுக்கினார். காலில் ஒன்று, மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று. இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். செருப்புக் காலோடு நடந்து போய் ஸ்டே ஒயர்களைத் தொட்டுவிட்டு வந்தார். பிளக்கைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ ஏறறது எனக்கு நல்லாப் படலை கண்ணு" என்றார் பெரியவர்.

"உங்க எருமைங்களுக்கு நல்லாப் படுமுங்க ஐயா" என்றேன். சோமனூர்க்காரர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

ஏறினேன். ஒரு ஹூக்கை மாட்டி, ஒன்றைக் கழற்றி, காலை வைத்து, அது இருக்கிறது என்று கால் சொன்ன பிறகு அடுத்ததுக்குப் போனேன்.  பாதி உயரத்தில் நின்று மூச்சு வாங்கினேன். உச்சிக்குப் போய் இரண்டு ஹூக்கையும் மாட்டிக்கொண்டு பார்த்தால், நினைத்ததுதான். ஆன்டெனாவைப் பிடித்திருந்த யு போல்ட் இரண்டிலும் நட்டு துருவேறித் தளர்ந்திருந்தது. கயிற்றை ஆட்டினேன், டூல் பை மேலே வந்தது. பழையதைக் கழற்றிப் பையில் போட்டுப் புது போல்ட்டை மாட்டினேன். முதலாவதை இறுக்கி முடித்தேன். இரண்டாவதில் ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று திருப்பியிருப்பேன்.

"கீழே" என்று கேட்டது.

குனிந்து பார்த்தேன். மூன்று பேரும் சின்னதாக இருந்தார்கள். காற்று இல்லை. குளவி இல்லை. மேகம் இல்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று கத்தலாம் என்று வாயெடுத்தேன். அவர் என்னிடம் ஒருமுறைகூட அப்படிக் கத்தியதில்லை. ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பது மறந்துபோயிருந்தது. தரைக்கு வந்தபோது சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"காலு கீலு தப்பா வெச்சனா?"

"இல்ல. நல்லாத்தான் வெச்ச."

"அப்பறம் எதுக்குங்க கூப்புட்டீங்க?"

பெரியவர் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல் விலகினார். சோமனூர்க்காரரும் அவர் பின்னாலேயே போனார். என் வீட்டுக்காரர் டூல் பைக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நான் அந்தக் கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தேன். மேலே இருக்கிறவரின் கயிற்றை இப்படிக் கையில் சுற்றக் கூடாது, பை நழுவினால் கையே போய்விடும் என்று திட்டலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அவர் இன்னும் டவர் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இறங்கி வந்து பக்கத்தில் நிற்பது தெரியாதவர்போல.

"நீ இத்தன வருசமா இப்பிடித்தான் நின்னுட்டு இருந்தியா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் பெரியவரின் மோர்ச் சொம்பை எடுத்து எனக்குக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக் கீழே வைத்தார். பெல்ட்டை ஒவ்வொரு பக்கிளாக மறுபடி இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இன்னும் ஒரு போல்ட்தான் பாக்கி, காற்று கிளம்புவதற்கு நேரம் இருந்தது. ஆனாலும் நான் அவசரப்படுத்தவில்லை. மறுபடி ஏறலாம் என்று நான் சொல்லக் கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத்தான் தெரியும்.

"ஏறு" என்றார் கடைசியில். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்தார்.